அப்பா, அம்மாவோடு ரோமில் ஏழு நாள்

"ரோம் வரைக்கும் போயிட்டு சிஸ்டைன் சேப்பல் பாக்காமலா வந்தீங்க?"

ஊருக்குத் திரும்பியதிலிருந்து இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஆமாம், வாட்டிகனில் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியத் தேவாலயத்தைப் பார்க்கவில்லை. டிக்கெட் கையில் இருந்தும் பார்க்கவில்லை. அது ஏன் என்று எழுதி வைத்தால், வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு இப்படியொரு பழைய நகரத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

அப்பாவுக்கு 71 வயது. பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கோதையாற்றுக் கால்வாய்கள், மதகுகள், மடைகள் என்றே அவருடைய சர்வீஸ் முழுவதும் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் ஓடிவிட்டது. அம்மாவுக்கு 66. சுத்த சைவம். வலது முழங்காலில் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படி என்றால் பிடிக்க ஏதாவது வேண்டும். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அக்டோபர் இரண்டாம் வாரம் போனோம். வெயிலும் குளிரும் தாங்கக்கூடிய மாதம் என்பதால் அது நல்ல முடிவு.

விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பிரீமியம் நன்றாகவே ஏறும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு பொருந்துமா என்று கேட்டே வாங்குங்கள். அப்பாவின் ஓய்வூதிய ஆணை, ஓய்வூதியம் வரும் கணக்கின் வங்கி அறிக்கை, செலவை நான் ஏற்கிறேன் என்ற கடிதம், என் சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், நான் அவர்கள் மகள்தான் என்பதற்கு என் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். கைரேகை வைக்க மூவரும் நேரில் போக வேண்டியிருந்தது. அதற்காக நாகர்கோவிலிலிருந்து அவர்கள் சென்னைக்கு ஒருமுறை ரயிலேறி வந்தார்கள். இந்தக் கணக்கையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். அப்பாவுடையதும் அப்படித்தான். கொலோசியத்துக்கான டிக்கெட் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வரும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. இனிஷியலை விரித்து எதையாவது எழுதிவிடக் கூடாது என்பது என் கருத்து. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதினேன். வாசலில் இருந்தவர் இரண்டையும் பார்த்தார், உள்ளே விட்டார். விமான டிக்கெட்டுக்கு மட்டும் அந்தந்த நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு எழுதுவதுதான் பாதுகாப்பு.

கொலோசியம் டிக்கெட்டில் நான் ஒரு பிழை செய்தேன். அதிகாரபூர்வ தளத்தில் 30 நாளுக்கு முன்னால்தான் விற்பனை திறக்கும். நாங்கள் போனபோது சாதாரண டிக்கெட் 18 யூரோ. அவ்வளவு நாள் காத்திருக்கப் பயந்து ஓர் இடைத்தரகு இணையதளத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து முன்கூட்டியே வாங்கினேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. நான் கேட்டது காலை ஒன்பது மணி, அவர்கள் உறுதிசெய்து அனுப்பியது பகல் பன்னிரண்டரை. அந்த மூன்றரை மணி நேர வித்தியாசம் என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தங்கும் இடம் மட்டும் சரியாக அமைந்தது. பிராத்தி என்ற பகுதியில் சமையலறையோடு ஒரு சின்ன வீடு. பிராத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விரிவாக்கப்பட்ட பகுதி. தெருக்கள் அகலம், நடைபாதை சமம், கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும். மோன்தி, திராஸ்தேவெரே போன்ற பகுதிகள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் மேடும் பள்ளமும் கருங்கல் பதித்த தெருவுமாக முழங்காலைப் பதம் பார்த்துவிடும். 'சாம்பியெத்ரீனி' என்று அவர்கள் சொல்லும் அந்தச் சதுரக் கற்களின் இடுக்கில் கைத்தடியின் நுனி மாட்டும். தடிக்கு அகலமான ரப்பர் அடிப்பாகம் போட்டுக்கொண்டு போங்கள். பிராத்தியின் இன்னொரு வசதி, அது மெட்ரோவின் ஏ லைனில் இருக்கிறது. நாங்கள் போன இடங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே லைனில் வண்டி மாறாமல் போக முடிந்தது.

இனி அந்த இரண்டாம் நாள்.

எக்செல் தாளில் ஆறு நாளுக்கு 19 இடங்கள் போட்டு வைத்திருந்தேன். இரண்டாம் நாளுக்குக் கொலோசியம், பாலத்தீன் குன்று, பழைய ரோமின் நடுச்சதுக்கமாக இருந்து இப்போது இடிபாடாகக் கிடக்கும் ரோமன் ஃபோரம், அப்புறம் காப்பிதோலின் குன்றில் சூரிய அஸ்தமனம். கொலோசியத்தில் எல்லாம் நன்றாகவே போனது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு லிஃப்ட் உண்டு. அம்மாவின் தடியைப் பார்த்ததும் காவலரே அழைத்துப் போனார். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம் என்கிறார்கள். சுற்றிலும் 80 வாசல். நான்கு முக்கிய வாசல்களைத் தவிர மற்ற வளைவுகளுக்கு மேல் வாசல் எண் செதுக்கியிருந்தது, வடக்குப் பக்கத்தில் இன்றும் படிக்க முடிகிறது. அப்பா அந்த எண்களின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கூட்டத்தை உள்ள விடுறது பெரிசில்ல மக்ளே, வெளிய விடுறதுதான் கணக்கு" என்றார். சுவர் முழுக்க அம்மை வடு மாதிரி குழிகள். கல்லையும் கல்லையும் பிணைத்திருந்த இரும்புக் கொண்டிகளைப் பின்னாளில் வந்தவர்கள் பெயர்த்து எடுத்த தடம் அது. இரும்பு போன பிறகும் கல் நிற்கிறதே என்று அந்தக் குழியில் விரல் விட்டுப் பார்த்தார்.

ஃபோரத்துக்குள் நுழையும்போது மணி இரண்டரை. நிழல் என்று எதுவும் இல்லை. டைட்டஸ் வளைவைத் தாண்டி வியா சாக்ரா என்ற பழைய வீதி இறங்குகிறது. ஈராயிரம் வருடம் தேய்ந்த கருங்கற்கள், ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக. நான் கையில் போனை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா மக்ஸென்டியஸ் பஸிலிக்கா என்ற பழைய பெருமண்டபத்தின் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "இனி முடியாது மக்ளே. நீங்க பாத்துட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்" என்றார். மூட்டு உப்பியிருந்தது, தொட்டால் சூடு. அங்கிருந்து வாசலுக்குத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அம்மா என்னிடம் மன்னிப்பு கேட்டபடியே வந்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அன்று இரவு அவர்கள் தூங்கிய பிறகு எக்செல் தாளைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தேன். மறுநாள் காலைக்கு வாட்டிகன் அருங்காட்சியகம் இருந்தது. ஆளுக்கு 25 யூரோ, திருப்பித் தர மாட்டார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். சிஸ்டைன் சேப்பலை எட்டுவதற்கு முன் நீண்ட கூடங்களைக் கடந்தாக வேண்டும், கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். சக்கர நாற்காலி உள்ளேயே தருவார்கள் என்று தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் காலையில் கேட்டேன். தன்னை அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போக அவருக்குச் சம்மதம் இல்லை. "நீயும் அப்பாவும் போங்க" என்றார். அப்பா செய்தித்தாள் படிப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒத்தையா இவளை விட்டுட்டு நான் எதைப் பாக்க" என்றார். சரி, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அன்று முழுக்க வீட்டில் இருந்தோம். ஐஸ் ஒத்தடம், ரசம், தூக்கம்.

அந்த ஓய்வு நாளில்தான் ஒன்று கவனித்தேன். அக்டோபரில் நமக்கும் ரோமுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நாகர்கோவிலில் ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர்கள் அங்கே இரண்டு மணிக்கே விழித்துக்கொண்டார்கள். நான்கு மணிக்குக் குளித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பத்து மணி வரை வீட்டில் வைத்திருந்து, கூட்டமும் வெயிலும் ஏறிய நேரத்துக்குத்தான் நான் வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ரோமோ விடியற்காலையில் காலியாகக் கிடக்கிற ஊர். பல தேவாலயங்கள் பகல் பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்று, நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். மாலை ஐந்துக்கு மேல் உள்ளூர்க்காரர்களே காற்றாட நடக்கக் கிளம்புகிறார்கள். முதியவர்களின் நாள் எப்படியோ அந்த ஊரின் நாளும் அப்படியே. அதற்கப்புறம் திட்டம் எளிதாகிவிட்டது: விடியும் முன் கிளம்பு, ஒரே ஓர் இடம், பன்னிரண்டுக்குள் வீடு, சாப்பாடு, தூக்கம், ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு சதுக்கத்தில் பெஞ்சு.

ஏழு மணிக்குப் புனித பேதுரு பேராலயம் திறக்கும்போது வாசலில் இருந்தோம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது, பாதுகாப்புச் சோதனைக்குத்தான் வரிசை. பத்து மணிக்கு அது சதுக்கத்தையே சுற்றி நிற்கும் என்கிறார்கள். எங்களுக்கு முன்னால் முப்பது பேர்கூட இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி, சேலைக்கு அந்தக் கவலை இல்லை. புதன்கிழமை காலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். போப் ஊரில் இருந்தால் அன்று பொதுச் சந்திப்பு நடக்கும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா. அதைச் செதுக்கி முடித்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுதான். 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கிய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் அந்தத் தாயின் முன்னால் அம்மா இருபது நிமிடம் நின்றார். பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த இருபது நிமிடம் பகல் பதினொன்றில் கிடைத்திருக்காது.

வெளியே சதுக்கத்தின் தரையில், ஊற்றுக்கும் மையத்திலுள்ள ஒற்றைக்கல் தூணுக்கும் நடுவில், ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. அதன்மேல் நின்று பார்த்தால் சிற்பி பெர்னினி அமைத்த மண்டபத்தில் நான்கு வரிசையாக நிற்கும் தூண்கள் ஒரே வரிசையாகத் தெரியும். ஓரடி நகர்ந்தால் மற்ற மூன்றும் வெளியே எட்டிப் பார்க்கும். மொத்தம் 284 தூண். அப்பா கல்லில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். பிறகு அம்மாவையும் கைபிடித்து ஏற்றினார்.

இன்னொரு நாள் மெட்ரோவில் பர்பெரீனி நிலையத்தில் இறங்கி, ஆறு மணி இருட்டில் த்ரேவி ஊற்றுக்குப் போனோம். நாங்களும் ஒரு துப்புரவுப் பணியாளரும் ஒரு புதுமணத் தம்பதியும்தான். 1762-இல் கட்டி முடித்த ஊற்று அது. ஆனால் அங்கே விழும் தண்ணீர் கி.மு. 19-இல் அக்ரிப்பா கொண்டுவந்த கால்வாயின் வழியைத் தொடர்ந்து வருவது. அந்தக் கால்வாய் பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் ஓடியதால் மற்றவற்றைப் போல முற்றிலும் அழியாமல் தப்பியது. இதைச் சொன்னதும் அப்பா சிற்பங்களை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்க்க ஆரம்பித்தார்.

அங்கிருந்து பழைய ரோமானியக் கோயிலான பாந்தியோனுக்குப் பத்து நிமிட நடை என்று போன் சொல்லும். நாங்கள் நடுவில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, மெதுவாக ஒன்பது மணி திறப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். காபி பற்றி ஒரு வார்த்தை: 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் ஒரு டம்ளர் பால்தான் வரும். பால்காபி வேண்டுமென்றால் 'கஃபே லாத்தே' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கல்லாவை ஒட்டி நின்று குடித்தால் விலை குறைவு, மேசையில் உட்கார்ந்தால் கூடும். முதியவர்களோடு போனால் அந்தக் கூடுதல் காசை யோசிக்காமல் கொடுங்கள். நாற்காலியும் கழிப்பறையும் சேர்ந்த விலை அது, தெருவில் பொதுக் கழிப்பறை அபூர்வம்.

நாங்கள் போனபோது பாந்தியோனுக்கு நுழைவு 5 யூரோ. அன்று விடிகாலை தூறியிருந்தது. குவிமாடத்தின் உச்சியில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த ஒரு வட்டம், அதற்குக் கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மழை நேராக உள்ளே விழும். நடுவில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள், பளிங்குத் தரை ஈரம். எல்லாரும் மேலே பார்த்தார்கள். அப்பா கயிற்றை ஒட்டிக் குனிந்து தரையைப் பார்த்தார். "வாட்டம் குடுத்திருக்கான், பாத்தியா?" தரை நடுவில் லேசாக உயர்ந்து ஓரத்துக்குச் சரிகிறது. கவனித்துப் பார்த்தால் பளிங்கில் சின்னச் சின்ன துளைகள். மழைநீர் அவற்றின் வழியாக அடியிலுள்ள வடிகாலுக்குப் போய்விடும். ஹேட்ரியன் பேரரசர் காலத்துக் கட்டடம், ஏறக்குறைய 1,900 வயது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. உள்ளே ஒரு கம்பிகூட இல்லாத கான்கிரீட். கீழே கனமான கல்லும், மேலே போகப்போக இலேசான எரிமலைக் கல்லுமாகக் கலந்து, கனத்தையும் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். "கம்பி இருந்தாத்தான் துரு பிடிக்கும். இதுல எது துருப்பிடிக்க?" என்றார் அப்பா. அங்கே போடப்பட்டிருந்த மரப் பெஞ்சில் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்தின் வழியே விழுந்த வெயில் சுவரில் மெல்ல நகர்ந்ததை அம்மா எனக்குக் காட்டினார். பக்கத்திலேயே சான் லூயிஜி தேவாலயத்தில் கராவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள். நுழைவு இலவசம், பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

போர்கேஸே அருங்காட்சியகத்தை வாட்டிகனுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்தோம். திங்கள் விடுமுறை, முன்பதிவு அவசியம், உள்ளே இரண்டு மணி நேரம்தான். அந்தக் கட்டுப்பாடே எங்களுக்கு வரமாக இருந்தது. அடுத்த குழு வரும்வரை கூட்டம் கூடாது, ஒரே நிலையில் இருக்கும். பெர்னினியின் அப்பல்லோவும் டாஃப்னேயும் சிலையை அம்மா சுற்றிச் சுற்றி வந்தார். ஓடுகிற பெண்ணின் விரல் நுனி இலையாக மாறுகிறது, இடுப்பில் மரப்பட்டை ஏறுகிறது. அந்தப் பளிங்கு இலைகளுக்குள் வெளிச்சம் ஊடுருவுகிற அளவு மெலிவு. "கல்லுல இலை துளிர்க்கே" என்றார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டில் சிக்கல் வரும் என்று பயந்தேன், அவ்வளவு வரவில்லை. ஆனால் பார்வைக்குச் சைவமாக இருப்பதெல்லாம் அங்கே சைவம் இல்லை. பூசணிப்பூப் பொரியலுக்குள் நெத்திலி மாதிரி ஒரு மீன் வைப்பார்கள். 'சுப்ப்லீ' என்ற சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. காய்கறி சூப்பில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும், ஆகவே 'நே கார்னே, நே பேஷ்ஷே' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டோம். எடை போட்டு, கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும் பீட்சாக் கடைகள் எங்கும் உண்டு. தக்காளி மட்டும் தடவிய 'பீட்சா ரோஸ்ஸா' அம்மாவுக்குப் பிடித்தது. இன்னொன்று, ரோமின் பெக்கொரீனோ பாலாடைக்கட்டி ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைப்பது. கண்டிப்பான சைவர்கள் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், நாங்கள் தவிர்த்தோம். ஏ லைனிலேயே விட்டோரியோ நிலையத்தருகே எஸ்குவிலீனோ சந்தை இருக்கிறது. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைத்தன. மதியம் தயிர்சாதம், இரவு ஊர்ச்சாப்பாடு என்று வைத்துக்கொண்டோம்.

அந்தச் சந்தையில் மிளகைப் பார்த்தபோதுதான் அம்மாவிடம் சொன்னேன். ஃபோரத்தில் அம்மா உட்கார்ந்துவிட்ட அந்த பஸிலிக்கா எழுவதற்கு முன், அதே இடத்தில் டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. மேற்கு மலையின் மிளகு முசிறித் துறையில் கப்பலேறி, செங்கடல் தாண்டி, எகிப்து வழியாக அங்கே போய்க் குவிந்தது. கி.பி. 408-இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு, விட்டுவிடுவதற்குக் கேட்ட பொருள்களில் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. எங்கள் வீட்டுப் பின்புறம் பலாவில் ஏற்றிய கொடி ஒன்று உண்டு, வருடாவருடம் அம்மாதான் பறித்துக் காயவைப்பார். "நம்ம நல்லமிளகு இருந்த இடத்திலயா நான் இருந்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைய வலிக்கு அப்புறம் ஃபோரத்தைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

என் பழைய பட்டியலில் இல்லாத இடம், தொட்டிப்பாலப் பூங்கா. பார்கோ தெல்யி அக்குவெதோத்தி என்பார்கள். ஏ லைனில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கி, கடைத்தெரு வழியாகச் சமதளத்தில் கால் மணி நேரம். கட்டணம் இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று வேலை பார்த்த மனிதரை இங்கே அழைத்து வரவேண்டும் என்று எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். புல்வெளியின் குறுக்கே ஆளுயரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்த வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. கி.பி. 38-இல் தொடங்கி 52-இல் முடிந்த கிளாடியா கால்வாய். அதன் முதுகில் இன்னொரு கால்வாய் சவாரி செய்கிறது. உடைந்த இடத்தில் இரண்டு தொட்டிகளின் வாயும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். பழைய ரோமுக்கு இப்படிப் பதினொரு கால்வாய்கள் தண்ணீர் கொண்டுவந்தன. பம்பு இல்லை, மலையிலிருந்து ஊர் வரை வாட்டம் மட்டும்தான். கி.பி. 97-இல் ஃப்ராண்டினஸ் என்ற அதிகாரி அந்நகரின் நீர்ப் பொறுப்பை ஏற்றார், வழியில் குழாயைத் துளைத்துத் தண்ணீர் திருடுபவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார் என்று படித்ததைச் சொன்னேன். அப்பா சத்தமாகச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அப்படி அவர் சிரித்தது அப்போதுதான். "அப்பவே கள்ள மடை வச்சிருக்கான்!" என்றவர், தான் மடை மடையாகப் போய்ச் சண்டை போட்ட கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். முப்பது வருடம் அவர் என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு அந்தப் புல்வெளியில்தான் தெரிந்தது. அம்மா நிழலில் விரிப்பைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, தெரிந்த கதையில் விட்டுப்போன இடங்களை எடுத்துக் கொடுத்தார்.

போக்குவரத்தில் கவனிக்க ஒன்றிரண்டு. மெட்ரோ வாசலில் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம், ஒரு பயணம் 1.50 யூரோ. ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் மூவர் போக முடியாது. நம் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் 'டி' எழுத்துப் பலகை போட்ட புகையிலைக் கடையில் காகித டிக்கெட் கிடைக்கும்; பேருந்தில் ஏறியதும் அதை இயந்திரத்தில் பதிய வேண்டும். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இல்லை, இருக்கிற லிஃப்டும் எப்போதும் ஓடுவதில்லை. தெர்மினியில் லைன் மாற நடக்கும் தூரம் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது, அதனால் கொலோசியம் பக்கம் இரண்டாம் முறை டாக்சியில் போனோம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், மெட்ரோவில் ஜேப்படி அதிகம். தங்கும் வரியை வீட்டு வாடகையோடு சேர்க்காமல் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள்.

அந்த இரண்டாம் முறை போனது சான் கிளெமென்தே தேவாலயத்துக்கு. மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோவில். அதற்கு அடியில் நான்காம் நூற்றாண்டுக் கோவில். அதற்கும் அடியில் முதல் நூற்றாண்டுக் கட்டடமும் மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறையும். 1857-இல் அங்கிருந்த ஐரிஷ் துறவி முல்லூலி தோண்டத் தொடங்கியபோதுதான் கீழே இருப்பது தெரியவந்தது. கீழே இறங்கப் படிகள் உண்டு என்பதால் அம்மா மேலேயே பெஞ்சில் உட்கார்ந்து, கொடிகொடியாகச் சுருண்டு பொன்னில் மின்னும் மொசைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்பாவும் இறங்கினோம். கடைசித் தளத்தில் இருட்டும் குளிரும். அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "கேட்டியா?" சுவருக்குள் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். ஒரு அறையில் தரையோரம் திறந்திருந்த இடைவெளியில் அது தெரிந்தது, தெளிந்த நீர், நல்ல வேகம். ரோம் முழுக்க அவர் தேடியது இதைத்தான் என்பதுபோல் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். மேலே வந்ததும் அம்மாவிடம் அந்தச் சத்தத்தைத்தான் முதலில் சொன்னார்.

எங்கள் தெருமுனையில் வார்ப்பிரும்பில் ஒரு குடிநீர்க் குழாய் இருந்தது. வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் 'நஸோனே' என்று பெயர், 1874-இலிருந்து ஊர் முழுக்க இருக்கின்றன. நிறுத்தத் திருகு கிடையாது, இரவும் பகலும் ஓடும். முதல் நாள் அப்பா அதைப் பார்த்துத் தவித்துப்போனார், "வீணாப் போகுதே" என்று. குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கெடாமல் இருக்கத்தான் ஓடவிடுகிறார்கள் என்று சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை. பள்ளிக்கூடப் பையன் ஒருவன்தான் அதன் சூட்சுமத்தைக் காட்டினான்: மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்ன துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பும்.

கிளம்பும் நாள் விடியற்காலை டாக்சிக்காக அந்த முனையில்தான் நின்றோம். பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு அப்பா குழாயருகே போய் மூக்கை விரலால் அடைத்தார். அம்மா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, அதிகம் குனியாமலே, எழும்பிய நீரில் வாயை வைத்துக் குடித்தார். பிறகு அப்பா கையை எடுக்காமல், "பாட்டிலை எடு மக்ளே, ஏர்போர்ட்ல தண்ணிக்குக் காசு குடுக்கணும்" என்றார்.